பழைய லென்ஸ், புதிய கமரா: தூரத்தில் நின்று படமெடுப்பது பற்றி

2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் ஆரம்பித்த போராட்டத்தையும், அதன் பின்னர் ஏனைய மாவட்டங்களில் தொடர்ந்த போராட்டங்களையும் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே தூரத்தில் நின்று எடுக்கப்பட்டவை என்பது தெரியும். ஒன்று, ஒன்றரை மீற்றர். கைத்தொலைபேசியும் கமராவுடன் பெட்டியில் வருகின்ற 18-55 லென்ஸும் நம்மை அந்தத் தூரத்துக்குத்தான் இழுத்துச் செல்கின்றன. ஒரு அம்மா அழத் தொடங்கியதும் பத்துத் தொலைபேசிகள் அவருடைய முகத்துக்கு நேரே நீளும். அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடுவார். மூடிய முகமே மறுநாள் செய்தியின் முகப்புப் படமாக வரும்.

பத்து மீற்றர் தள்ளி நின்று அதே படத்தை எடுக்க முடியும். அதற்கு நீண்ட லென்ஸ், அதாவது ரெலிபோட்டோ லென்ஸ் வேண்டும். 2022இல் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பின்னர், புதிய ரெலிபோட்டோ லென்ஸ் என்பது ஒரு சுதந்திர ஊடகவியலாளரோ, பிராந்தியச் செய்தியாளரோ, பல்கலைக்கழக மாணவரோ நினைத்துப் பார்க்கக்கூடிய பொருளாக இல்லை. படம் ஒன்றுக்கு நமக்குக் கிடைக்கும் கொடுப்பனவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, வாசகர்களுக்கு அது தெரியும்.

ஆனால், 1970களிலும் 80களிலும் பிலிம் கமராக்களுக்காகச் செய்யப்பட்ட ரெலிபோட்டோ லென்ஸ்கள் இன்னமும் எங்களுடைய வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கின்றன. பூட்டப்பட்ட ஸ்டூடியோக்களில் இருக்கின்றன. கனடாவிலும் சுவிஸிலும் ஞாயிற்றுச் சந்தைகளில் பழைய பாத்திரங்களுடன் சேர்த்து விற்கப்படுகின்றன. அவற்றில் ஓட்டோ போகஸ் இல்லை, மின்சுற்று எதுவும் இல்லை, பற்றரி தேவையில்லை. கண்ணாடியும் உலோகமும் மட்டும்தான். இன்றைய டிஜிட்டல் கமராவில் பொருத்தினால் அவை வேலை செய்யும். எப்படி, எந்தளவுக்கு, எதற்கு உதவாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கொன் 200 மி.மீ எஃப் 4 லென்ஸ். 1977இல் நிக்கொன் அறிமுகப்படுத்திய ஏ.ஐ. வரிசையைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்து இப்போது ஓய்வில் இருக்கின்ற ஒரு ஐயாவிடம் 15,000 ரூபாவுக்கு வாங்கினேன். கோவில் தேர்த் திருவிழாக்களைப் படமெடுக்க வைத்திருந்த லென்ஸ். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கமராவையும் இந்த லென்ஸையும் பொலித்தீன் பையில் சுற்றி உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்திருக்கிறார். நெகட்டிவ்களைத் தூக்க முடியவில்லை. அடையாள அட்டைப் படங்கள், கல்யாணப் படங்கள், சாமத்திய வீட்டுப் படங்கள் என்று பதினைந்து வருட நெகட்டிவ்கள் ஸ்டூடியோவிலேயே கிடந்தன. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, நெகட்டிவ்களும் இல்லை. அம்மாக்கள் இன்று சட்டம் போட்டுக் கையில் வைத்திருக்கும் படங்களில் எத்தனை அடையாள அட்டைப் படத்திலிருந்து பெருப்பிக்கப்பட்டவை என்று உற்றுப் பார்த்தவர்களுக்கு, அந்த நெகட்டிவ்களின் பெறுமதி விளங்கும். லென்ஸைத் தரும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “உது இப்பத்தைக் கமராவுக்குக் கொழுவுமே தம்பி?”

கொழுவும். ஆனால், எல்லா லென்ஸும் எல்லாக் கமராவுக்கும் கொழுவாது. அதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு அளவைத் தெரிந்துகொண்டால் போதும்.

இடைவெளிக் கணக்கு

லென்ஸின் உலோக வளையம் கமராவில் உட்காரும் இடத்துக்கும், படம் விழுகின்ற பிலிமுக்கும் அல்லது சென்சருக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட தூரம் இருக்கும். ஒவ்வொரு கொம்பனியும் தனக்கென்று ஒரு தூரத்தை வைத்திருந்தது. நிக்கொன் 1959இல் கொண்டுவந்த எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ. பென்ரக்ஸும் சோவியத் செனித் கமராக்களும் பயன்படுத்திய, திருகிப் பூட்டுகின்ற எம் 42 மவுண்டில் 45.46 மி.மீ. கெனனின் பழைய எஃப்.டி. மவுண்டில் 42 மி.மீ. இவ்வளவு தூரம் தேவைப்பட்டதற்குக் காரணம், அந்தக் கமராக்களுக்குள் மேலும் கீழும் அசைகின்ற ஒரு கண்ணாடி இருந்தது. இன்றைய மிரர்லெஸ் கமராக்களில் அந்தக் கண்ணாடி இல்லை. ஆகவே தூரமும் குறைந்துவிட்டது. சொனியில் 18 மி.மீ, நிக்கொன் இசட்டில் 16 மி.மீ, கெனன் ஆர்.எஃப்.இல் 20 மி.மீ.

மிச்சமிருக்கும் இடைவெளியை நிரப்புவதற்கு ஒரு வெற்றுக் குழாய் போதும். அதுதான் அடப்டர். 46.5 மி.மீ தேவைப்படும் நிக்கொன் லென்ஸை 18 மி.மீ உள்ள சொனி கமராவில் பூட்ட 28.5 மி.மீ நீளமான உலோகக் குழாய் வேண்டும். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாதபடியால் படத்தின் தரம் குறையாது, விலையும் பெரிதல்ல. அதனால்தான் மிரர்லெஸ் கமரா வைத்திருப்பவர்கள் அநேகமாக எந்தப் பழைய லென்ஸையும் பயன்படுத்தலாம்.

கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். கமராவில்தான் சிக்கல். கெனன் டி.எஸ்.எல்.ஆரின் தூரம் 44 மி.மீ. நிக்கொன், எம் 42 லென்ஸ்கள் அதைவிடக் கூடிய தூரம் கேட்பவை என்பதால் மெல்லிய அடப்டருடன் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், கெனனின் சொந்த எஃப்.டி. லென்ஸ்கள் கெனன் டி.எஸ்.எல்.ஆரில் சரிவராது. 42 மி.மீ கேட்கும் லென்ஸுக்கு 44 மி.மீ கமராவில் இடமில்லை. 1987இல் கெனன் புதிய மவுண்டுக்கு மாறியபோது எஃப்.டி. லென்ஸ் வாங்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் நடுத்தெருவில் நின்றார்கள். அந்தக் கைவிடல்தான் இன்று எங்களுக்கு லாபம்: நல்ல கண்ணாடிகள், நீண்ட காலமாக மலிவு விலையில், மிரர்லெஸ் கமராக்களுக்காகக் காத்திருக்கின்றன.

நிக்கொன் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் நிக்கொன் லென்ஸோடு நின்றுகொள்வது நல்லது. எம் 42 லென்ஸைப் பூட்டினால் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தால் தூரத்துக் காட்சி போகஸ் ஆகாது. அதைச் சரிக்கட்ட அடப்டருக்குள் கண்ணாடி வைத்து விற்கிறார்கள். மலிவான அந்தக் கண்ணாடி நல்ல லென்ஸையும் கெடுத்துவிடும். வாங்க வேண்டாம். நிக்கொனிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 1977க்கு முந்திய ஏ.ஐ. அல்லாத லென்ஸ்களை டி 7000 வரிசை போன்ற கமராக்களில் வலிந்து பூட்டினால், கமராவின் வளையத்தில் உள்ள சின்ன நெம்பு உடைந்துவிடும். டி 3000, டி 5000 வரிசைகளில் அந்த நெம்பு இல்லை. அதனால் அவற்றில் பழைய லென்ஸ் பாதுகாப்பாகப் பொருந்தும். ஆனால், அந்த வரிசைகளில் கமரா வெளிச்சத்தை அளக்காது. மனுவல் நிலையில் வைத்து நீங்களே ஷட்டர் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு படம் எடுத்து, திரையில் பார்த்து, கூட்டிக் குறைத்தால் இரண்டு மூன்று தடவையில் சரிவரும். எங்களுடைய வெயிலில் வெளிச்சம் மணிக்கணக்காக மாறுவதில்லை.

மிரர்லெஸ் கமராவில் பழைய லென்ஸைப் பூட்டியதும் ஷட்டர் வேலை செய்யவில்லை என்று பலர் பயந்துவிடுகிறார்கள். லென்ஸே இல்லை என்று கமரா நினைக்கிறது. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் படமெடு’ என்ற தெரிவை இயக்கிவிட்டால் சரி. கமராவுக்குள்ளேயே அசைவைக் குறைக்கும் வசதி இருந்தால், லென்ஸின் குவியத்தூரத்தை மெனுவில் கையால் பதிய வேண்டும். 200 லென்ஸுக்கு 200 என்றே பதியுங்கள், சென்சர் அளவால் பெருக்க வேண்டியதில்லை.

பத்து மீற்றரில் என்ன தெரியும்?

எங்களில் பலரிடம் இருப்பது ஏறத்தாழ 23.5 மி.மீ அகலமான சிறிய சென்சர் உள்ள கமரா. பிலிம் சட்டத்தின் அகலம் 36 மி.மீ. சென்சர் சிறிதாக இருப்பதால் 200 மி.மீ லென்ஸ், பிலிம் காலத்து 300 மி.மீ லென்ஸ் காட்டிய அளவைக் காட்டும். ரெலிபோட்டோ விடயத்தில் மட்டும் மலிவுக் கமரா வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் அனுகூலம் இது.

கணக்காகச் சொன்னால், பத்து மீற்றரில் 200 மி.மீ லென்ஸை நிமிர்த்திப் பிடித்தால் 78 சென்ரிமீற்றர் அகலமும் 1.17 மீற்றர் உயரமும் கொண்ட ஒரு சட்டம் கிடைக்கும். கதிரையில் இருக்கும் ஒருவரின் முகமும், அவர் மடியில் வைத்திருக்கும் படமும் அதற்குள் அடங்கும். 30 மீற்றரில் மூன்றரை மீற்றர் அகலம், ஒரு ஊர்வலத்தின் முன்வரிசை. 135 மி.மீ லென்ஸ் என்றால் ஏழு மீற்றரில் நின்று அதே மடிப் படத்தை எடுக்கலாம். முதலாவது லென்ஸாக நான் 135ஐத்தான் சொல்வேன். சிறியது, பாரம் குறைவு, எல்லாக் கொம்பனிகளும் ஏராளமாகச் செய்தபடியால் விலையும் குறைவு. 300 மி.மீக்கு மேல் கையில் பிடித்து எடுப்பது கஷ்டம். 500 மி.மீ மிரர் லென்ஸ்கள் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அவற்றின் அப்பேச்சர் எஃப் 8இலேயே நிலையாக இருக்கும், பின்னணி வெளிச்சங்கள் எல்லாம் உழுந்து வடை போல நடுவில் ஓட்டையுடன் விழும். மன்னாருக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் வேண்டுமானால் வாங்கட்டும்.

கையால் போகஸ் பண்ணுவதுதான் புதியவர்களைப் பயமுறுத்துகிறது. 200 மி.மீ லென்ஸை எஃப் 4இல் முழுதாகத் திறந்து பத்து மீற்றரில் ஒருவரை எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர் மட்டுமே. அவர் முன்னுக்குச் சாய்ந்தால் கண் தெளிவை விட்டுப் போய்விடும். எஃப் 8க்குக் குறைத்தால் அந்த ஆழம் இரு மடங்காகும். பழைய லென்ஸ்கள் அநேகமாக எஃப் 5.6இலிருந்து எஃப் 8 வரைதான் தங்கள் முழுத் தெளிவையும் காட்டுகின்றன. ஆகவே பகல் வெயிலில் எஃப் 8இல் நிற்பது இரட்டை லாபம். 30 மீற்றரில் எஃப் 8 என்றால் தெளிவான ஆழம் கிட்டத்தட்ட ஏழு மீற்றர். ஊர்வலத்துக்கு அது தாராளம்.

ஊர்வலத்தை எடுக்கும்போது நடந்து வருபவரைத் துரத்தி வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீதியில் ஒரு அடையாளத்தைத் தெரிவுசெய்யுங்கள்: மதகு, மின்கம்பம், வெள்ளைக் கோடு. அதில் போகஸ் பண்ணிவிட்டுக் காத்திருங்கள். அவர்கள் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துங்கள். ஓட்டோ போகஸ் வருவதற்கு முன்னர் விளையாட்டுப் போட்டிகளையும் கலவரங்களையும் எடுத்தவர்கள் எல்லோரும் செய்தது இதைத்தான். மிரர்லெஸ் கமராவில் விளிம்புகளை நிறக்கோட்டால் காட்டும் வசதி உண்டு. அது அண்ணளவானது. நேரமிருந்தால் படத்தைப் பெருப்பித்துக் காட்டும் பொத்தானைப் பயன்படுத்திக் கண்ணிமையில் போகஸ் பண்ணுங்கள். நிக்கொன் டி.எஸ்.எல்.ஆரில், எஃப் 5.6 அல்லது அதைவிடத் திறந்த லென்ஸாக இருந்தால், போகஸ் சரியானதும் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். லென்ஸில் எழுதியிருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். அடப்டர்கள் துல்லியமானவை அல்ல.

ஷட்டர் வேகம் செக்கனில் ஐந்நூறில் ஒன்றுக்குக் கீழே போகவேண்டாம். 200 மி.மீ லென்ஸில் கை நடுக்கமும் பெரிதாகித்தான் தெரியும். அதற்காக ஐ.எஸ்.ஓவைக் கூட்ட வேண்டி வந்தால் கூட்டுங்கள். புள்ளி விழுந்த படத்தைப் பிரசுரிக்கலாம், ஆடிய படத்தைப் பிரசுரிக்க முடியாது.

பழைய கண்ணாடியின் குறைகளும் எங்களுடைய இடத்தில்தான் கூடுதலாகத் தெரியும். மதிய வெயிலில் வெள்ளைச் சேலை, வெள்ளைப் பதாகை, படச்சட்டத்தின் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் சூரியன் என்று இவற்றின் விளிம்பில் ஊதா நிறம் படியும். அப்பேச்சரைக் குறைத்தால் ஓரளவு போகும். மிச்சத்தைக் கணினியில் எடுக்கலாம். சூரியன் பக்கத்திலிருந்து லென்ஸில் விழுந்தால் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல வெளிறிவிடும். என்னுடைய லென்ஸில் இழுத்துவிடும் மறைப்பு உள்ளேயே இருக்கிறது. இல்லாதவர்கள் கறுப்பு மட்டையைச் சுருட்டி றப்பர் பாண்ட் போட்டாலும் சரி. இன்னொன்றுக்கு எந்த லென்ஸிலும் மருந்தில்லை: பதினொரு மணிக்குப் பிறகு ஏ 9 வீதியின் தாரிலிருந்து எழும் கானல். நூறு மீற்றர் தள்ளி இருக்கும் முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். லட்சக்கணக்கில் விலை போகும் லென்ஸும் அப்படித்தான் எடுக்கும். காலையிலேயே போங்கள், அல்லது கிட்டப் போங்கள்.

துவக்கு மாதிரி

சோவியத் ஒன்றியத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை 1960களிலிருந்து ‘போட்டோஸ்னைப்பர்’ என்ற கமராத் தொகுதியைச் செய்தது. செனித் கமரா, தாயிர் 300 மி.மீ லென்ஸ், அடியில் தோளில் முட்டுக்கொடுக்கும் பிடியும் விசையும். துவக்கைப் போலவே பிடித்து, விசையை இழுத்துப் படமெடுக்க வேண்டும். பறவை பார்ப்பவர்களுக்கு அது நல்ல கருவி. பழைய லென்ஸ் சேகரிப்பவர்கள் இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். வடக்கு கிழக்கில் அதை வெளியே எடுக்கவே வேண்டாம் என்பது என்னுடைய கருத்து. அந்தத் தொகுதியில் உள்ள லென்ஸும் வேண்டாம். அதன் போகஸ் சக்கரம் பிடியோடு சேர்ந்து இயங்குவதற்காகக் கீழே வைக்கப்பட்டது. சோவியத் லென்ஸ் வேண்டுமென்றால் யூப்பிட்டர் 21 என்ற 200 மி.மீ, அல்லது இருபது தகடுகளால் ஆன வட்டமான அப்பேச்சர் கொண்ட தாயிர் 11 என்ற 135 மி.மீ போதும். இரண்டும் பாரமானவை. யூப்பிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ வரும்.

இது மிகைப்படுத்தல் அல்ல. 2007 ஜூலை 12ஆம் திகதி பக்தாத்தில் ரொய்ட்டர்ஸ் படப்பிடிப்பாளர் நமீர் நூர் எல்தீனும் அவருடன் சென்ற சயீத் சமாக்கும் அமெரிக்க ஹெலிகொப்டரிலிருந்து சுடப்பட்டு இறந்தார்கள். நீண்ட லென்ஸ் பூட்டிய கமராவை ஹெலிகொப்டரில் இருந்தவர்கள் ஆயுதமாகக் கருதினார்கள். 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட காணொளியில் அதை உலகமே பார்த்தது. எங்களுடைய சனத்துக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. கறுப்பு நிறத்தில் நீளமாக ஒரு பொருளை ஒருவர் தன் பக்கம் திருப்பினால், ஐம்பது வயதைத் தாண்டிய எத்தனையோ பேரின் உடல் மூளைக்கு முன்னர் பதில் சொல்லிவிடும். முல்லைத்தீவில் ஒரு நிலமீட்புப் போராட்டத்தில் நான் லென்ஸைத் தூக்கியபோது, எனக்கு நேரே இருந்த ஒரு அம்மம்மா பக்கத்திலிருந்த பேத்தியின் தலையைக் கையால் அமத்திக் கீழே பதித்தார். பிறகு கமராவைக் கண்டு சிரித்தார். பேத்திக்கு ஏன் தலை அமத்தப்பட்டது என்றே தெரியவில்லை.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது. தூரத்தில் நின்று எடுப்பதற்கு முதல், கமராவைத் தோளில் தொங்கவிட்டபடி கிட்டப் போய்க் கதைப்பேன். யார் நான், எதற்கு எழுதுகிறேன், எங்கே நிற்பேன் என்று சொல்வேன். லென்ஸைக் காட்டுவேன். பிறகு தள்ளிப் போய்விடுவேன். அரை மணித்தியாலத்தில் நான் நிற்பதையே அவர்கள் மறந்துவிடுவார்கள். அப்போது கிடைக்கும் முகம் கமராவுக்குக் காட்டிய முகமாக இருக்காது. ரெலிபோட்டோ லென்ஸ் ஒளிந்திருந்து எடுப்பதற்கான கருவி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களை ஒளிந்திருந்து படமெடுப்பவர்கள் ஏற்கெனவே போதியளவு இருக்கிறார்கள். வீதியின் மறுகரையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று, வந்தவர்கள் எல்லோரையும் தொலைபேசியில் பதிவுசெய்யும் ஆட்களை அந்த அம்மாக்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருவராக நாங்களும் தெரியக்கூடாது.

இராணுவ முகாம்களை, காவலரண்களை, வேலிகளை நீண்ட லென்ஸால் எடுக்கலாமா என்று இளைய ஊடகவியலாளர்கள் கேட்பதுண்டு. காணி விடுவிப்புச் செய்திகளில் முகாமுக்குள் அகப்பட்டிருக்கும் வீட்டையோ கிணற்றையோ காட்ட வேண்டிய தேவை உண்மையானது. ஆனால், தடை அறிவித்தல் இருக்கும் இடத்தில் லென்ஸின் நீளம் உங்களைப் பாதுகாக்காது, சந்தேகத்தைத்தான் கூட்டும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தன்னுடைய வீட்டைக் கை நீட்டிக் காட்டுபவரை எடுங்கள்.

நெருக்கிக் காட்டுவது

ரெலிபோட்டோ படத்தில் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒட்டி நிற்பதுபோலத் தெரிவார்கள். இதை லென்ஸ் செய்யும் மாயம் என்பார்கள். உண்மையில் தூரம்தான் அதைச் செய்கிறது. தூரத்தில் நின்று பார்க்கும்போது இருவருக்கும் இடையில் இருக்கும் ஐந்து மீற்றர் சின்னதாகிவிடுகிறது, லென்ஸ் அதை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். விளைவு என்னவென்றால், நாற்பது பேர் நீளவாக்கில் நின்ற ஊர்வலத்தை 200 மி.மீ லென்ஸால் நேர் முன்னாலிருந்து எடுத்தால் நானூறு பேர் போலத் தெரியும். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, டென்மார்க்கில் இரண்டு செய்திப் படப்பிடிப்பாளர்கள் ஒரே வரிசையை, ஒரே கூட்டத்தை ரெலிபோட்டோவாலும் அகன்ற லென்ஸாலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றில் ஆட்கள் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். மற்றதில் இடைவெளி விட்டு நின்றார்கள். இரண்டும் உண்மையான படங்கள்.

போராட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது அவற்றுக்குச் செய்யும் உதவி என்று எங்களில் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2017இல் தொடங்கிய பந்தலில் இன்று ஏழு பேர் இருந்தால், ஏழு பேர்தான் இருக்கிறார்கள் என்பதே செய்தி. மற்றவர்கள் எங்கே போனார்கள்? பலர் தேடிய பிள்ளையைக் காணாமலேயே இறந்துவிட்டார்கள். வெறுங் கதிரைகளையும் சேர்த்து அகன்ற லென்ஸால் ஒரு படம் எடுங்கள். பிறகு நீண்ட லென்ஸால் முகங்களை எடுங்கள். இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

படம் சாட்சியாகவும் இருக்கவேண்டி வரும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டது. சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்த மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவை தூரத்திலிருந்து எடுத்த படங்கள் அல்ல, உடல்களுக்கு அருகில் நின்று எடுத்தவை. ரெலிபோட்டோ லென்ஸ் எல்லாவற்றுக்கும் பதில் அல்ல என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

டிஜிட்டல் படக் கோப்புக்குள் திகதி, நேரம், ஷட்டர் வேகம் எல்லாம் பதியும். பழைய லென்ஸில் மின்தொடர்பு இல்லாததால் எந்த லென்ஸ், என்ன அப்பேச்சர் என்பது பதியாது. சில நிக்கொன் கமராக்களில் லென்ஸின் அளவுகளை மெனுவில் கொடுத்து வைத்தால் அவை கோப்பில் சேரும். ஏனையவற்றில் வெற்றிடமாக இருக்கும், அல்லது பூச்சியம் என்று விழும். பிற்காலத்தில் யாராவது அந்தப் படத்தை ஆராய்ந்தால் அந்த வெற்றிடம் ஒரு கேள்வியாகும். ஒரு கொப்பியில் திகதி, இடம், லென்ஸ், நின்ற தூரம் நான்கையும் எழுதி வைப்பது இரண்டு நிமிட வேலை. மூலக் கோப்புகளை மாற்றாமல் இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

“இப்பத்தைத் தொலைபேசியில் நூறு மடங்கு சூம் இருக்குத்தானே, பிறகேன் இந்தப் பழைய இரும்பு?” என்று கேட்பவர்களுக்கும் இதே விடயத்திலிருந்துதான் பதில் வருகிறது. 2023 மார்ச்சில், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் காட்டி, அதை ஒரு சம்சுங் தொலைபேசியால் எடுத்த ஒருவர், மூலத்தில் இல்லாத பள்ளங்கள் தொலைபேசியின் படத்தில் இருப்பதைக் காட்டினார். நிலாவின் விபரங்களைத் தெளிவாக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதாகக் கொம்பனியும் விளக்கம் சொன்னது. நிலாவில் அது விளையாட்டு. தூரத்தில் நிற்கும் ஒருவரின் முகத்தில், சீருடையில் உள்ள இலக்கத்தில், வாகனத் தகட்டில் தொலைபேசி தானாக எதையாவது நிரப்பினால் அது விளையாட்டு அல்ல. 1977 லென்ஸ் ஊதா விளிம்பைத் தரும், வெளிறலைத் தரும். இல்லாத இலக்கத்தை எழுதாது.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

லென்ஸை வாங்கும்போது தொலைபேசியின் ரோர்ச் வெளிச்சத்தை ஒரு பக்கத்தால் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். ஓரத்தில் சிறிதாக இருந்தால் படத்தில் தெரியாது, ஆனால், வளரும். கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். முன்கண்ணாடியில் இருக்கும் சிறு கீறல் பெரிய விடயமல்ல. பின்கண்ணாடிக் கீறல்தான் படத்தில் தெரியும். அப்பேச்சர் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். போகஸ் வளையம் இறுகிப்போய் இருந்தால் உள்ளே கிறீஸ் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். திருத்தலாம், ஆனால், திருத்தத் தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு. அப்படிப்பட்டதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவது மேல்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதாக இருந்தால், மவுண்டின் பெயரைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். “நிக்கொன் லென்ஸ் ஒன்று” என்று சொன்னால் போதாது. லென்ஸின் பின்பக்கப் படத்தை முதலில் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்ப்பது நல்லது.

பழைய லென்ஸோடு அழகான தோல் உறை ஒன்று வரும். அதை லென்ஸிலிருந்து பிரித்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பூஞ்சணம் குடியிருக்கும் இடமும் அதுதான். அரிசிப் பானைக்குள் லென்ஸை வைக்கும் பழக்கம் இங்கே பலரிடம் உண்டு. அரிசித் தூள் வளையங்களுக்குள் போகும், வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், முடிந்தால் ஈரப்பதன் காட்டும் சிறிய கருவி. 40 இலிருந்து 50 வீதம் வரை இருந்தால் போதும். ஒக்டோபர் தொடங்கி மாரி முடியும் வரை ஜெல்லை இரண்டு கிழமைக்கு ஒரு முறை சட்டியில் மெல்லிய நெருப்பில் காயவைத்து மீண்டும் போடுங்கள். கடற்கரையில் படமெடுத்துவிட்டு வந்தால், முக்கியமாக மே 18 முள்ளிவாய்க்கால் போய் வந்தால், லென்ஸின் உலோகப் பகுதியைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். உப்பு முதலில் மவுண்ட் வளையத்தைத்தான் பிடிக்கும். துடைத்த பின்னரும் மூடி போடாமல் காற்றோட்டமான இடத்தில் ஒரு மணித்தியாலம் விட்டு, அதன் பிறகு பெட்டிக்குள் வையுங்கள்.